கேரியரில் ஒரு ஓட்டு

தேசப்பன் தன் லாரியில் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு போனது நெல் மூட்டைகள் அல்ல, பஞ்சாயத்துத் தலைவர்கள் என்பது சென்ற வாரமே குணசுந்தரிக்குத் தெரிந்துவிட்டது. ஊர் ஊராகப் போய்ப் பொறுக்கி எடுத்த தலைவர்கள். எல்லையைத் தாண்டி ஆந்திராவில், தடாவுக்குப் பக்கத்தில், ஓட்டம் நின்றுபோன ஓர் அரிசி மில்லில் அவர்களை அடைத்து வைத்திருந்தார்கள். நம் பக்கம் மதுவிலக்கு. அந்தப் பக்கம் இல்லை. தேசப்பன் அந்த மில்லைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

விடிந்தால் பஞ்சாயத்து யூனியன் சேர்மன் தேர்தல். தலைவர்கள் கையில்தான் ஓட்டு. இரண்டு பக்கமும் சரிசமமாக நின்றது. ஒரே ஓர் ஆள் எந்தப் பக்கம் சாய்கிறானோ அந்தப் பக்கம் நாற்காலி.

நிற்பவன் குணசுந்தரியின் புருஷன் அரசப்பன். தேசப்பனின் தம்பி.

அரசப்பனைத் தெரியாதவர்கள் கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் கிடையாது. மூன்று வருஷம் தொடர்ந்து சைக்கிள் பந்தயத்தில் மாநிலச் சாம்பியன். பஸ் கம்பெனியில் பிட்டராக வேலை பார்த்துக்கொண்டே, விடியற்காலையில் டிரங்க் ரோட்டில் நெல்லூர் வரை போய்த் திரும்பிப் பழகியவன். ஒரு சைக்கிள் கம்பெனி தன் பேரை அவன் பனியனில் எழுதிக்கொள்ளப் பணம் தருகிறேன் என்றபோது, நான் அமெச்சூர், காசுக்கு மிதிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பியவன். சோழவரத்தில் ஒரு பந்தயத்தில் முன்னால் போனவன் சறுக்கி விழுந்து ரத்தம் கொட்டிக் கிடந்தபோது, இவன் இறங்கி அவனை ஓரமாகத் தூக்கி உட்கார வைத்துவிட்டு மறுபடி ஏறினான். அன்றைக்குத் தோற்றான். கூட்டத்தில் நின்று அதைப் பார்த்த பெண்தான் குணசுந்தரி. வீட்டில் ஆறு மாதம் அழுது, இவனையே கட்டிக்கொண்டாள்.

பிறகு கட்சி வந்தது. ஊர்வலத்தின் முன்னால் சாம்பியன் சைக்கிளில் போனால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டார்கள். அறுபத்தேழில் கொடி கட்டிய சைக்கிள். இந்த வருஷம் நல்லம்பேட்டுக்குப் பஞ்சாயத்துத் தலைவர். இப்போது சேர்மன் நாற்காலி. இந்தப் பக்கம் பெரிய பெரிய கம்பெனிகள் வரப்போகின்றன, சர்வே ஆட்கள் சங்கிலி பிடித்துப் பொறம்போக்கை அளக்கிறார்கள் என்று பேச்சு. இரண்டு லாரியும் ஒரு செங்கல் சூளையும் வைத்திருக்கும் தேசப்பனுக்குத் தம்பியின் புகழ் எதற்குப் பயன்படும் என்று தம்பியைவிட நன்றாகத் தெரியும்.

*

அன்று காலை தேசப்பன் வாசலில் நின்று வேனில் ஆட்டுக்கறிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தான். மில்லுக்குப் போகிற கறி. அப்போதுதான் முஸ்தபா வந்தான்.

முஸ்தபா, பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கும் ஓடைக்குப்பத்துக்காரன். அந்த ஊர்த் தலைவர் ஷேக் தாவூதின் மைத்துனன். தாவூத் அங்கே மளிகையும் வலைநூலும் விற்கிற கடைக்காரர். மீன்பிடிக்கிற குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து, கணக்கில் நேர்மையான மனுஷன் என்று அவரையே தலைவராக்கியிருந்தார்கள். அவரும் இப்போது மில்லில்தான் இருந்தார். அவரை யாரும் தார்ப்பாய்க்குள் திணிக்கவில்லை. சைக்கிளில் ஏமாற்றாதவன் யூனியனிலும் ஏமாற்ற மாட்டான் என்று சொல்லிவிட்டுத் தானாகவே ஏறி உட்கார்ந்தவர்.

முஸ்தபா மூச்சிரைக்க நின்றான். தாவூதின் தாயார் விடியற்காலையில் மவுத்தாகிவிட்டார்கள். கிழவிக்கு ஒரே மகன். சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்தாக வேண்டும். மச்சானை எங்கே வைத்திருக்கிறீர்கள், சொன்னால் போதும், நானே போய்க் கூட்டிக்கொள்கிறேன் என்று கேட்டான்.

தேசப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். அவர்கள் எல்லாம் பெங்களூர் பக்கம் போயிருக்கிறார்கள், எந்த ஊர் என்று எனக்கே சரியாகத் தெரியாது, இப்போதே ஆள் அனுப்புகிறேன், நீ போய் ஆகவேண்டியதைப் பார் என்றான். முஸ்தபாவின் முதுகில் தட்டியும் கொடுத்தான்.

குணசுந்தரி கதவோரம் நின்றிருந்தாள். முஸ்தபா அவளை ஒரு தரம் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் தெருவைத் தாண்டியதும் தேசப்பன் மறுபடி கறிப் பாத்திரத்தைத் தூக்கினான்.

"நாளைக்கு ஓட்டு போட்டப்பறம் சொல்லிக்கலாம்" என்றான். "செத்த கெய்வி திரும்பியா வரப்போறா? தாவூது ஊட்டுக்குப் போனான்னா எதிர்ப் பக்கத்தானுங்க அங்கயே மடக்கிக்குவானுங்க. நீ வாயத் தொறக்காத குணா."

  அவள் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். பரிமாற ஒரு பெண்பிள்ளை இருந்தால் நல்லது, நானும் வருகிறேன் என்றாள். சமையற்காரன் முந்தின நாளே கோபித்துக்கொண்டு ஓடிவிட்டதால் தேசப்பன் மறுக்கவில்லை. சேர்மன் பெண்சாதி கையால் சாப்பாடு என்றால் தலைவர்களுக்கும் ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

*

மில்லின் கேட்டைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்.

நெல் காயப்போடுகிற சிமெண்டுக் களத்தில் எலும்பும் வெற்றிலை எச்சிலும் சிதறிக் கிடந்தன. சுவரோரம் யாரோ வாந்தி எடுத்திருந்தார்கள். அதை மண்ணள்ளிப் போட்டுக்கூட மூடவில்லை. கோழிகள் அங்கே கொத்திக்கொண்டிருந்தன. நிழலில் பாய் விரித்துச் சீட்டாட்டம். நெல் தொட்டியின் மேல் ஒருவர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். உதட்டில் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்குத் தேங்காய் உடைத்துத் திருநீறு கொடுக்கிற பெரிய மனுஷர் அவர். அவர் கையால் குணசுந்தரியும் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவளைப் பார்த்ததும் இரண்டு பேர் அவசரமாகப் பாட்டிலைப் பாய்க்கு அடியில் தள்ளினார்கள். மற்றவர்கள் அந்தச் சிரமமும் படவில்லை. ஒருவர் கறிப் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, ஈரல் தனியாக வறுத்து வரவில்லையா என்று அவளையே கேட்டார்.

ஷேக் தாவூத் மட்டும் தூரத்தில், கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் குடிப்பதில்லை, அங்கே அறுத்த கறியைத் தொடுவதில்லை. மூன்று கல் கூட்டித் தனக்கு மட்டும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். வீட்டிலிருந்து ஏதாவது சேதி உண்டா, உம்மாவுக்கு நெஞ்சுவலி என்று விட்டுவிட்டு வந்தேன் என்று கேட்டார்.

இதோ வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் புருஷனைத் தேடிப் போனாள்.

அரசப்பன் மேனேஜர் அறையில், மறுநாளைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவனும் குடிப்பவன் இல்லை. ஆனால் நாலு நாளாக அந்தக் காற்றையே சுவாசித்து அவன் மேலும் அந்த வாடை ஏறியிருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். முஸ்தபா வந்தது, தேசப்பன் பொய் சொன்னது, எல்லாம்.

அரசப்பன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.  பிறகு கேட்டான்:

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

குணசுந்தரி அவனையே பார்த்தாள். கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் எதற்கும் அண்ணனைக் கேட்டுப் பதில் சொன்னவன் இல்லை.

"உங்க அண்ணன் இன்னா சொல்றாருன்னு நான் கேட்டுக்கினு வரல. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவன் சட்டையின் கழுத்துப்பட்டையைத் தடவினான். ஒரு ராத்திரிதானே என்றான். அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. உங்கள் உம்மா விடியற்காலையில் போய்விட்டார்கள் பாய், முஸ்தபா தேடிக்கொண்டு வந்தான், சாயங்காலம் அடக்கமாம் என்று சொன்னாள். காலையிலேயே எனக்குத் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

தாவூத், மவுத்துச் சேதி கேட்டால் ஓதுகிற "இன்னா லில்லாஹி"யை ஆரம்பித்தார். மீதி உதட்டுக்குள்ளேயே போயிற்று. அடுப்பிலிருந்து கஞ்சியை இறக்கி வைத்தார். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து விட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

கேட்டில் தேசப்பன் நின்றான். வேன் சாவி அவன் இடுப்பில் இருந்தது. தாவூதும் குணசுந்தரியும் வேனைக் கேட்டார்கள், டீசல் இல்லை என்றான். டீசல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். பாயிலிருந்து ஒருவர், போனது போய்விட்டது, ஒரு நாள் பொறுத்துப் போனால் என்ன பாய், எங்களை எல்லாம் மாட்டிவிடாதே என்று சீட்டை விசிறிக்கொண்டே சொன்னார். இன்னொருவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தாவூத் யாரையும் திட்டவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

அப்போது அரசப்பன் அறையிலிருந்து வெளியே வந்தான். முதலில் தாவூதின் முதுகைப் பார்த்தான். பிறகு பெண்சாதியின் முகத்தைப் பார்த்தான். அங்கே என்ன கண்டானோ, சட்டென்று திரும்பி, மில் வாட்ச்மேனின் சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்தான். பழைய கனத்த வண்டி. டயரை அழுத்திப் பார்த்தான். வேட்டியை உருவி எறிந்துவிட்டு, அரை டிராயரோடு கேட்டுக்கு வந்தான்.

"கதவ தொற அண்ணா."

தேசப்பன் அசையவில்லை. அரசப்பன் அவனை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை எடுத்தான். தாவூதைக் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு டிரங்க் ரோட்டில் தெற்கே திரும்பினான்.

குணசுந்தரிக்குக் கண் நிறைந்துவிட்டது. சோழவரத்தில் இறங்கினானே, அந்த அரசப்பன் எங்கேயும் போகவில்லை, உள்ளேதான் இருந்திருக்கிறான் என்று நினைத்தாள். இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கசப்பு அந்த ஒரு நிமிஷத்தில் கரைந்து போனது போலிருந்தது.

*

தேசப்பன் தம்பியைத் திட்டித் தீர்த்தபின், ஓட்டு கையைவிட்டுப் போகாமல் கண்காணிக்க வேண்டும் என்று வேனைக் கிளப்பினான். குணசுந்தரி கேட்காமலே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரத்தில் அவர்களைப் பிடித்துவிடலாம். பிடித்தால் எப்படியாவது தேசப்பனை மடக்கித் தாவூதை வேனில் ஏற்றி வேகமாகக் கொண்டுபோய்விடலாம் என்பது அவள் கணக்கு.

ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில் பிடித்தார்கள்.

அங்கே ஒரு கூட்டம் நின்றது. ஆந்திராவிலிருந்து வருகிற லாரிகளில் பாட்டில் தேடுகிற போலீஸ்காரர்கள், டீக்கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள். நடுவில் அரசப்பன், சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நின்றான். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. யாரோ அவன் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார்கள். யாரோ கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு போலீஸ்காரர் சல்யூட்டே அடித்தார். நம்ம சாம்பியன், ஒரு பாயோட அம்மா மையத்து அடக்கத்துக்கு அவரைத் தூக்கிவைத்து மிதித்துக்கொண்டு போகிறார், இந்தக் காலத்தில் எவன் செய்வான் என்று டீக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பந்தயங்களைப் பற்றி ஒருவர் விசாரித்தார். அரசப்பன் பதிலும் சொன்னான்.

குணசுந்தரி வேனிலிருந்து இறங்கி ஓடினாள்.

"வேன் வந்துடுச்சு. பாய், ஏறுங்க. சீக்கிரம் போயிடலாம்."

தாவூத் கேரியரிலிருந்து இறங்கி வேனைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். கூட்டம் சட்டென்று அமைதியானது. ஆட்டத்தின் நடுவில் யாரோ குறுக்கே வந்துவிட்டது போல அவளைப் பார்த்தார்கள்.

அரசப்பனும் கூட்டத்தைப் பார்த்தான். வேனைப் பார்த்தான். சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஹாண்டில்பாரைப் பிடித்தான்.

"வேணாம் பாய், நீ ஏறு. நானே கொண்டாந்து உடறேன்னு சொல்லிக்கீறேன். இன்னும் கொஞ்ச தூரந்தான்."

கூட்டம் கைதட்டியது.

அது கொஞ்ச தூரம் இல்லை. எளாவூர் வரை போய், அங்கிருந்து கிழக்கே ஏரிக்கரைக்கு மணல் பாதை. அது தாவூதுக்கும் தெரியும். அவர் வேனையும் அரசப்பனின் நனைந்த முதுகையும் மாறி மாறிப் பார்த்தார். தனக்காக இவ்வளவு தூரம் மிதித்து வந்தவனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று திணறியது அவர் முகத்திலேயே தெரிந்தது. திரும்பிப் போய்க் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

குணசுந்தரி ரோட்டில் நின்றாள். புருஷனின் முகத்தில் அப்போது இருந்த களையை அவளுக்குத் தெரியும். பந்தயத்தில் கடைசிச் சுற்றில் வருகிற களை அது. பின்னால் உட்கார்ந்திருப்பவரை அவன் மறந்தே போயிருந்தான்.

வேனுக்குத் திரும்பியபோது தேசப்பன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"உம்புருசன் பொயச்சிக்கினாம்மா" என்றான். "நான் நாலு நாளா கறி போட்டு சேக்க முடியாதத அவன் ஒரு சைக்கிள்ல சேக்கறான் பாரு."

நேரே ஓடைக்குப்பம் போய், மகன் வந்துகொண்டிருக்கிறான், மையத்தை எடுக்காதீர்கள் என்று சொல்லியாவது வைப்போம் என்று அவள் கெஞ்சினாள். தேசப்பன் காதில் அது ஏறவில்லை. எளாவூரில் கிழக்கே திரும்பாமல் நேராகக் கும்மிடிப்பூண்டிக்கு விட்டான். அங்கே ஆசீர்வாதத்தின் போட்டோ ஸ்டுடியோ இருந்தது. ஆசீர்வாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் கைகழுவிக் கேமராவில் பிலிம் போட்டு வரும்வரை வேன் வாசலில் நின்றது. குணசுந்தரி உள்ளே உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். இறங்கி ஓடவும் முடியாத தூரம்.

*

ஓடைக்குப்பத்துக்குள் வேன் நுழைந்தபோது தெருவில் ஆண்கள் கூட்டமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தொப்பி போட்டவர்கள், அவர்களோடு மீன்பிடிக்கிறவர்கள். எல்லோர் காலிலும் புது மண்.

குணசுந்தரி நேராகத் தாவூதின் வீட்டுக்குள் போனாள். பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தாவூதின் மனைவி பீவி ஜான் அவளை இன்னார் என்று தெரிந்துகொண்டு பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தோம் என்றாள். ஆவணி வெயில், உடம்பு தாங்கவில்லை, மகன் பெங்களூரில் இருக்கிறானாமே, இனி எங்கே வரப்போகிறான் என்று பெரியவர்கள் சொல்லி முகத்தை மூடிவிட்டார்கள். சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், உடம்பைக் குழியில் இறக்கி, பலகை வைத்து, மண் தள்ள ஆரம்பித்த பிறகுதான் சைக்கிள் மணி கேட்டதாம்.

"மண்ணு போட்டாரு. மொவத்த பாக்கல" என்றாள் பீவி ஜான். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா பாத்திருப்பாரு, தங்கச்சி. பாவம், உங்க ஊட்டுக்காரரு அவ்ளோ தூரம் மிதிச்சிக்கினு கொண்டாந்தாரு. அல்லா அவர நல்லா வெக்கணும்."

 நாங்கள் வேனில் வந்தோம், வேன் காலியாக இருந்தது என்று சொல்லக் குணசுந்தரி வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் நன்றி நிறைந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. எழுந்து வெளியே வந்தாள்.

வெளியே அரசப்பன் நின்றிருந்தான். கை கால் கழுவி, யாரோ கொடுத்த துண்டைப் போர்த்தியிருந்தான். முகம் சிவந்து களைத்திருந்தது. ஆனால் கண்ணில் ஒளி. அவளை ஓரமாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான். ஏரிக்கரைத் தலைவர்கள் இரண்டு பேர் எதிர்ப் பக்கம் இருந்தவர்கள், மையத்துக்கு வந்திருந்தார்கள், இரண்டு பேரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், பாய் போடுகிற பக்கந்தான் நாங்களும், நாளைக்கு நமக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்றான். அண்ணனின் மில்லும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம், யோக்கியமாகவே ஜெயிக்கப் போகிறோம் என்றான்.

"அவங்க அம்மா மொவத்த பாத்தாரா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"மண்ணு போட்டாரே."

அவன் அதை உண்மையாகவே சொன்னான். கேள்வியில் இருந்தது எதுவும் அவனுக்குப் படவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. மில்லில் வாயைப் பிளந்து கிடந்தவர்களுக்காவது தாங்கள் செய்வது இன்னதென்று தெரியும்.

அதற்குள் தேசப்பன் ஆசீர்வாதத்தைத் தெருவின் நடுவில் நிறுத்திவிட்டான். வெளிச்சம் போவதற்குள் ஒரு படம் எடுக்க வேண்டும், ராத்திரியே அச்சுப் பிளாக் செய்து நோட்டீசு அடித்துவிடலாம் என்றான். சைக்கிளைக் கொண்டுவந்து வெளிச்சம் விழுகிற பக்கமாக வைத்தார்கள். அரசப்பன் துண்டை எடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

பின்னால் கேரியர் காலியாக இருந்தது.

தாவூத் பள்ளிவாசல் பக்கமிருந்து மெள்ள வந்துகொண்டிருந்தார். கையில் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. இன்னும் கழுவவில்லை. தேசப்பன் ஓடிப்போய் அவர் தோளில் கை போட்டு அழைத்துவந்தான். அவருக்கு முதலில் என்னவென்று புரியவில்லை. புரிந்ததும் கேமராவைப் பார்த்தார். பிறகு அரசப்பனைப் பார்த்தார்.

அரசப்பன் கொஞ்சம் தயங்கினான். குணசுந்தரி அந்தத் தயக்கத்தைப் பார்த்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது இறங்கிவிடுவான், இப்போதாவது வேண்டாம் அண்ணா என்பான் என்று ஒரு கணம் நம்பினாள்.

"ஒரே நிமிசம் பாய்" என்றான் அரசப்பன். "ஏறிக்க."

தாவூத் ஏறி உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். ஆசீர்வாதம் இரண்டு முறை அழுத்தினார். முதல் படத்தில் பாய் கீழே பார்த்துவிட்டார், இன்னொன்று என்றார். மூன்றாவதும் எடுத்தார். தெருவில் இருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக வீட்டுக்குள் போனார்கள். முஸ்தபா மட்டும் வாசற்படியில் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.

தேசப்பன் வேனைக் கிளப்பினான். மற்ற தலைவர்களை அழைத்துவர மில்லுக்குத் திரும்ப வேண்டும். அரசப்பன் சைக்கிளை வேன் மேலே ஏற்றிக் கட்டச் சொல்லிவிட்டுத் தாவூதிடம் வந்தான். அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நாளைக்குக் காலையில் வேன் அனுப்புகிறேன், துக்க வீட்டிலிருந்து வரவேண்டும் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் வந்துவிடு என்றான். தாவூத் கையை இழுத்துக்கொள்ளவில்லை. 

தன் வீட்டு வாசலில் நின்றிருந்த குணசுந்தரியிடம் வந்தார்.

"காலைலருந்து எங்கிட்ட நெசம் பேசனது நீ ஒருத்திதாம்மா" என்றார். "நான் படிச்சவன் இல்ல. இந்த மனுசன் என்ன கொண்டாந்து சேத்தானா, இல்ல என்ன வெச்சிக்கினு அவன் எங்கயோ போய்ச் சேந்தானான்னு எனக்குப் புரியல. ஒருநேரம் அழுகையா வருது, ஒருநேரம் அவன் கால்ல வுயணும்போல இருக்குது. நீ சொல்லு. நாளைக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

அரசப்பன் நாலடி தூரத்தில் நின்றான். பெண்சாதி என்ன சொல்வாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மெதுவாகச் சிரித்துக்கொண்டே வேன் கதவைத் திறந்து அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

குணசுந்தரி அவனைப் பார்த்தாள். அந்த மனுஷனுக்காக அழுத ஆறு மாதமும் நினைவுக்கு வந்தது. நாளைக்கு அவன் தோற்றால் தேசப்பன் வீட்டில் தனக்கு என்ன கதி என்பதும் தெரிந்தது.

"அவருக்குப் போடாதீங்க பாய்" என்றாள்.

அரசப்பனின் சிரிப்பு அப்படியே நின்றது. வேனுக்குள்ளிருந்து தேசப்பன், யாருக்கு, யாருக்குப் போட வேண்டாம் என்கிறாள் என்று கேட்டான். 

"வண்டியில ஏறு" என்றான் அரசப்பன்.

அவள் ஏறவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, பீவி ஜான் உட்கார்ந்திருந்த பாயை நோக்கி உள்ளே போனாள்.